கை நின்ற இடங்கள்

இன்று காலை புது ரப்பர் பேண்டு பாக்கெட்டைப் பிரித்தேன். பிரித்ததும் அந்த ரப்பர் வாசனையும், ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கத் தூவி வைக்கிற வெள்ளைப் பவுடர் வாசனையும் குப்பென்று முகத்தில் அடித்தன. அடுத்த நொடி நீ அடுப்பங்கரை வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிட்டாய். தலையில் ஈரத்துண்டு, மடியில் அந்தச் சுருள்கம்பிப் புத்தகம், பல்லுக்கு நடுவில் பென்சில். "இன்னைக்கு என்ன கலர் அண்ணி?" என்று கேட்டாய். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த நான் பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

நீ போய் பத்து மாதம் ஆகிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கடைச் சாமான் சீட்டைத் தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. இருந்தாலும் உனக்கு ஒன்று எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது. நீ இருந்தால், "எழுதுங்க அண்ணி, கோணினா கோணட்டும்" என்றுதான் சொல்லியிருப்பாய்.

நான் கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்தபோது உனக்குப் பதினாலு வயது. நாத்தனாரிடம் ஜாக்கிரதையாக இரு என்று சொல்லித்தான் என்னை வண்டியேற்றினார்கள். நீயோ வந்த மறுநாளே, "அண்ணி, உங்க ரசம் நல்லா இல்ல, ஆனா மூஞ்சி நல்லா இருக்கு" என்றாய். அன்றைக்கு ஆரம்பித்த வாய்ச்சண்டை. உங்கள் அப்பா அம்மா இரண்டு பேரும் போன பிறகு அந்தச் சண்டைதான் வீட்டை வீடாக வைத்திருந்தது.

உன் அண்ணனுக்குத் துணிக்கடை வேலை. அந்தச் சம்பளத்தோடு ஏதாவது சேர்க்கலாம் என்று நான் இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தேன். சாயங்காலம் அரைத்து வைத்து, காலையில் கவரில் ஊற்றி முறுக்கி ரப்பர் பேண்டு போடுவேன். இன்றைய மாவுக்கு ஒரு கலர், நேற்றைய மாவுக்கு ஒரு கலர், நாளைக்கு வேறு கலர். கேட்டு வருகிறவர்களுக்குப் பழைய கலரைத்தான் முதலில் எடுத்துக் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாள் தாண்டிய கலர் நம் வீட்டு ஊத்தப்பத்துக்கு. புளித்த மாவை ஒருத்தர் தலையில் கட்டிவிட்டால் அந்தத் தெருவே அடுத்த நாள் வராது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு முறை கெட்ட பேர் வாங்கி, அழுது, கண்டுபிடித்துக்கொண்டது.

நீ படித்து முடித்து, பாலக்கரையில் மொத்த மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாய். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறிப் போய், எட்டு வருஷத்தில் கிடங்கையே உன் கைக்குள் கொண்டுவந்துவிட்டாய். முப்பது வயது ஆகும்போதுதான் அந்த எண்ணம் வந்தது, பிசினஸ் படிப்புக்குப் போக வேண்டும் என்று. வேலை பார்த்து அனுபவம் உள்ளவர்களுக்கென்றே வெளி மாநிலத்தில் ஒரு வருஷப் படிப்பு இருக்கிறது என்றாய். நுழைவுத் தேர்வு எழுதி மார்க்கும் வாங்கி வைத்திருந்தாய், எங்களிடம் சொல்லாமலே.

உன் அண்ணனுக்கு உன் கல்யாணம்தான் கவலை. நீயே பேசி முடித்தாய். "இந்த ஒரு வருஷம் மட்டும் முயற்சி பண்றேன் அண்ணா. சீட் கிடைக்கலைன்னா நீங்க காட்டுற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டுறேன். மூஞ்சியக்கூடப் பாக்கல." சத்தியம் மாதிரி சொன்னாய். அவர் சரி என்றார். அவர் சரி என்றதும் உன் முகம் வெளிறியதை நான் பார்த்தேன்.

தென்னூரில் இதற்கென்று ஆலோசனை சொல்கிற ஒரு ஆபீசுக்கு நாம் மூன்று பேரும் போனோம். கண்ணாடிக் கதவு, ஏசி, சின்னக் கப்பில் காபி. அங்கே இருந்த தம்பி, "நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம் மேடம், உங்க கதையை நாங்களே எழுதிடுவோம்" என்றான். அவன் கேட்ட தொகையைக் கேட்டு உன் அண்ணன் காபியைப் பாதியில் வைத்தார். வெளியே வந்ததும் அவர், "எப்படியாவது புரட்டுறேன்" என்றார். பஸ் ஸ்டாப் வரைக்கும் நீ முன்னால் நடந்தாய். அப்புறம் சொன்னாய், "என் கதைய எழுத அவனுக்கு என்ன தெரியும்? அண்ணிகிட்ட கேட்டாலாவது நாலு குறை சொல்லுவாங்க."

நாலு நாள் கழித்து போனில் எதையோ காட்டினாய். தானே படித்து, தானே எழுதி, தானே விண்ணப்பிக்கச் சொல்லிக்கொடுக்கிற பாடமாம். வீடியோ கொஞ்சம், அச்சடித்து நிரப்ப வேண்டிய கேள்வித்தாள் கொஞ்சம், எந்த வாரம் என்ன செய்ய வேண்டும் என்ற அட்டவணை. விலை என்ன என்றேன். நான் ஒரு மாதத்துக்கு வாங்குகிற உளுந்து விலைகூட இல்லை. "இவ்வளவு மலிவா வித்தா அதுல என்னடி இருக்கும்?" என்று கேட்டேன். "உங்க மாவும் மலிவுதானே அண்ணி?" என்றாய்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அதை அச்சடித்து, சுருள்கம்பி போட்டுக் கொண்டுவந்தாய். அன்றைக்கு முதல் வீட்டில் நாலாவது ஆளாக அந்த வீடியோவில் பேசுகிற பெண்மணியும் குடியேறினார். அவருக்கு நான் வீடியோக்காரி என்று பேர் வைத்தேன். "வீடியோக்காரி இன்னைக்கு என்ன சொல்றா?" என்பதுதான் காலைப் பேச்சு.

அவர் ஒருநாள் சொன்னாராம், எழுதியதை மரியாதைக்காகத் தலையாட்டாத ஒருத்தரிடம் வாசித்துக் காட்டு, உன் வேலையைப் பற்றி எதுவும் தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது என்று. அந்தத் தாளில் அந்த ஆளின் பேரை எழுத ஒரு கோடு போட்டிருந்தது. நீ கொஞ்சமும் யோசிக்காமல் "அண்ணி" என்று எழுதினாய். எனக்குப் பெருமையா கோபமா என்று தெரியவில்லை.

காலை ஆறு மணிக்கு நான் மாவு கட்ட உட்கார்வேன். நீ வாசற்படியில் உட்கார்ந்து இங்கிலீஷில் ஒரு வரி வாசித்து, அதையே தமிழில் எனக்குச் சொல்வாய். முதல் கட்டுரை பெரிய பெரிய வார்த்தையாக இருந்தது. நாட்டுக்குச் சேவை, சமுதாய மாற்றம், சின்ன வயசு முதல் தலைமைப் பண்பு. நான் ஊற்றினேன், முறுக்கினேன், போட்டேன். முடித்துவிட்டு, "எப்படி?" என்றாய்.

"இது யாரு? நம்ம வீட்டுல இப்படி ஒருத்தி இல்லையே" என்றேன்.

நீ கோபப்படவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய். "அண்ணி, நான் வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள எத்தனை பாக்கெட் கட்டுனீங்க?" என்று கேட்டாய். எண்ணிப் பார்த்தோம். எப்போதும் கட்டுவதைவிட இரண்டு கூட. நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

அதுதான் நம் கணக்கு ஆயிற்று. நீ வாசிக்கும்போது என் கை ஓடிக்கொண்டே இருந்தால் அந்த வரியை அடித்துவிடுவாய். என் கை நின்றால் அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாய். எனக்கே தெரியாமல் நிற்கும் கையை நீ கண்டுபிடித்துவிடுவாய். முதல் வாரம் மூன்று பக்கத்துக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது.

அப்புறம் ஒருநாள், "வேலையில் நீ மாற்றிய ஒரு விஷயம் என்ன?" என்ற கேள்விக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாய். நான் ஒன்றும் மாத்தலையே அண்ணி, கிடங்கில் டப்பா அடுக்கினேன், அவ்வளவுதானே என்றாய். எப்படி அடுக்கினாய் என்று கேட்டேன். சாதாரணமாகச் சொல்ல ஆரம்பித்தாய். எந்த மருந்து எப்போது காலாவதி ஆகும் என்பது கம்ப்யூட்டரில் இருக்கிறது, ஆனால் சாமான் எடுக்கிறவர்கள் கம்ப்யூட்டரைப் பார்ப்பதில்லை, கைக்கு வந்ததை எடுக்கிறார்கள். பழையது பின்னாலேயே கிடந்து வீணாகிறது. அதனால் நீ ஒவ்வொரு பெட்டிக்கும் கலர் ரப்பர் பேண்டு போட்டாயாம். சிவப்பு முதலில் போக வேண்டும், அப்புறம் பச்சை, அப்புறம் மஞ்சள்.

என் கையில் மாவுக் கவர் அப்படியே நின்றது. மாவு வழிந்து புடவையில் கொட்டியது.

"ஏய், அது நான் பண்றதுடி!"

"ஆமா. உங்ககிட்டதான் திருடுனேன்" என்றாய். சொன்ன பிறகுதான் உனக்கே உறைத்தது. பென்சிலை எடுத்துப் புள்ளி வைக்கவில்லை, பெரிய வட்டமே போட்டாய்.

இதைப் போய் எழுதாதே, படித்தவர்கள் முன்னால் மானம் போகும், மாவு விக்கிறவளைப் பார்த்துக் கத்துக்கிட்டேன்னு சொன்னா சீட் குடுப்பாங்களா என்று நான் சண்டை போட்டேன். "அண்ணி, நீங்க பண்றதுக்கு அந்தப் படிப்புல ஒரு பேரே இருக்கு. ஒரு பாடமே இருக்கு" என்றாய். நான் நம்பவில்லை. நீ எழுதிவிட்டாய். என் அண்ணி ஐந்தாவது வரை படித்தவர், அவரிடம் கற்றுக்கொண்டேன் என்று. அதை வாசித்தபோது நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். புள்ளி வைத்தாயா இல்லையா என்று தெரியாது.

கட்டுரை முடிந்தது. பிறகுதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

சிபாரிசுக் கடிதம் ஒன்று வேண்டும் என்று நீ சொன்னது என் காதில் விழுந்தது. சிபாரிசு என்றால் நமக்குத் தெரியாதா? பெரிய மனுஷர் யாராவது கையெழுத்துப் போட்டால்தானே அது சிபாரிசு. நம்மிடம் மாவு வாங்குகிற ரிட்டயர்டு ஜட்ஜ் வீட்டுக்குப் போய் நின்றேன். அந்த மாமி, "உள்ள வாங்கோ, உக்காருங்கோ" என்று மோர் கொடுத்தார். ஜட்ஜ் ஐயா பேர் அச்சடித்த கெட்டித் தாளில் எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார். சாமி பிரசாதம் மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து உன்னிடம் நீட்டினேன்.

நீ வாசித்தாய். இந்தப் பெண் நற்குணமும் நன்னடத்தையும் உடையவர், இவர் குடும்பத்தைப் பல காலமாக அறிவேன், இவர்மேல் எந்தக் குற்றமும் கிடையாது.

"அண்ணி, இது ஜாமீன் கேக்கிற லெட்டர் மாதிரில்ல இருக்கு!" என்றாய். என் முகம் போன போக்கைப் பார்த்து உடனே என் கையைப் பிடித்துக்கொண்டாய். வீடியோக்காரி படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாராம், பெரிய பேர் வேண்டாம், உன் வேலையைக் கண்ணால் பார்த்தவர் வேண்டும் என்று. அப்படியென்றால் உன் முதலாளிதான். அவரிடம் நீ முந்தின வாரமே கேட்டிருந்தாய். அவர் எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னார். "நீயே அடிச்சு எடுத்துட்டு வாம்மா, படிச்சுக்கூடப் பாக்க மாட்டேன், அனுப்பிடலாம்."

கடைசித் தேதிக்கு இரண்டே நாள். நீ தலையைக் குனிந்துகொண்டு சொன்னாய், "அவரோட மெயில நான்தான் அண்ணி பாக்குறேன். பாஸ்வேர்டும் எனக்குத்தான் தெரியும். நானே எழுதி நானே அனுப்பினா ஒருத்தருக்கும் தெரியாது. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

எழுதிவிடு என்றுதான் முதலில் வாய்வரை வந்தது. சீட் கிடைக்காவிட்டால் மூஞ்சிகூடப் பார்க்காத மாப்பிள்ளை காத்திருக்கிறானே. "எழுது, நாளைக்குக் காலையில வாசி, பாப்போம்" என்றேன்.

மறுநாள் வாசித்தாய், உன் முதலாளி உன்னைப் புகழ்வது மாதிரி. கடின உழைப்பாளி, நேர்மையானவர், குழுவோடு இணைந்து செயல்படுபவர். நான் மாவு கட்டினேன். கட்டிக்கொண்டே இருந்தேன். நீ நிறுத்தினாய்.

"கை நிக்கல" என்றாய்.

"நிக்கல" என்றேன்.

நீ அதைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்தாய். அடுத்த வருஷம் இல்லை, மறு வாய்ப்பு இல்லை என்று தெரிந்தும் கிழித்தாய். இன்றைக்கும் உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் கிழிக்கிற சத்தம்தான்.

நான் புடவையை மாற்றிக்கொண்டு, இரண்டு பாக்கெட் மாவையும் பையில் போட்டுக்கொண்டு உன்னோடு பஸ் ஏறினேன். காவிரிப் பாலம் தாண்டும்வரை நீ, "அண்ணி, அங்க வந்து சண்டை போடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாய். முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, கழுத்தில் சிலுவைச் சங்கிலி. மாவைக் கொடுத்துவிட்டுக் கேட்டேன், "எங்க வீட்டுப் பொண்ணு எப்படிங்க வேலை பாக்குது?"

"இதுவா? தலைவலிம்மா இது!" என்று ஆரம்பித்தார். "நல்லா ஓடிட்டிருந்த கிடங்கு. ரப்பர் பேண்டப் போடுறேன்னு வந்து எல்லாரையும் எங்கிட்ட சண்டைக்கு விட்டுச்சு. ஒரு நாள் கிராமத்துக் கடைக்குப் போற பெட்டிய வண்டியில இருந்து இறக்கிடுச்சு. ஏன்னு கேட்டா, இது விக்கிறதுக்குள்ள காலாவதி ஆயிடும், அங்க இருக்கிறவங்க தேதி பாத்து வாங்கத் தெரியாதவங்கன்னு எனக்கே பாடம் எடுக்குது. நான் முதலாளியா, இது முதலாளியா?" சொல்லிக்கொண்டே வந்தவர் குரல் இறங்கியது. "ஆனா அந்தக் கடைக்காரன் இன்னைக்கு வரைக்கும் எங்கிட்டதான் வாங்குறான்."

"இதத்தாங்க எழுதணும்" என்றேன்.

"எனக்கு இங்கிலீஷ் தப்புத்தப்பா வரும்மா."

"தப்பா எழுதுனா என்னங்க, நீங்க எழுதுனதுன்னு தெரியும்ல."

அவர் மாவை ஓரமாக நகர்த்தி வைத்தார். அப்புறம் கம்ப்யூட்டர் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். நீ என்ன செய்தாய் தெரியுமா? முதலில் மெயில் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னாய். எனக்குத் தெரியாததா வச்சுக்குங்க சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து டீக்கடையில் நின்றாய். அவர் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். மூன்று டீ ஆறிப்போனது. முடித்துவிட்டு வெளியே வந்து, "அனுப்பிட்டேன்மா" என்றார். மறுநாள் அந்தப் புதுப் பாஸ்வேர்டை மறந்துவிட்டு உன்னைத் திட்டினார் என்பது தனிக் கதை.

அவர் என்ன எழுதினார் என்று நீ கேட்கவே இல்லை.

சீட் கிடைத்த செய்தி வந்தபோது நான் கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன். கடையிலிருந்து போன் பண்ணினாய். "கிடைச்சிருச்சு" என்றாய். அப்புறம், "இன்னைக்கு என்ன கலர் அண்ணி?" என்று மட்டும் கேட்டாய். பச்சை என்றேன். இரண்டு பேரும் அழுதோம். உன் அண்ணன் துணிக்கடையில் எல்லோருக்கும் மைசூர்பாக் கொடுத்து, நானேதான் தங்கச்சிக்கு வழிகாட்டினேன் என்று சொல்லியிருக்கிறார். அதையும் நாம் விட்டுவிட்டோம்.

பட்டம் வாங்கும் நாளில் எங்களை ரயிலேற்றிக் கூட்டிப்போனாய். அவ்வளவு பெரிய புல்வெளியை நான் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கலாமா என்று கேட்டேன். கண்ணாடி போட்ட ஒரு வாத்தியாரம்மா உன்னிடம் ஏதோ கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் கூப்பினார். என்ன சொன்னார் என்று கேட்டேன். "ரப்பர் பேண்டு அண்ணி இவங்கதானான்னு கேட்டாங்க. என் இன்டர்வியூவுல அதைப் பத்திதான் பாதி நேரம் கேட்டாங்க" என்றாய். எனக்கு யாரும் அதற்கு முன்னால் அப்படிக் கை கூப்பியதில்லை. இனிமேலும் வேண்டாம், அந்த ஒன்று போதும்.

சென்னையில் மருந்துக் கம்பெனியில் பெரிய வேலையில் இரண்டு வருஷம் இருந்தாய். பிறகு அந்த ரத்த நோய் வந்தது. மூன்று மாதம்கூட உன்னை விட்டுவைக்கவில்லை. அதைப் பற்றி நான் எழுத மாட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்தும் தினமும் காலையில் போன் பண்ணி அதே கேள்வியைக் கேட்டாய் என்பதை மட்டும் எழுதுகிறேன். கடைசி நாள் நான் உன் பக்கத்தில் இருந்தேன், மாவே கட்டவில்லை. அப்போதும் கேட்டாய். மஞ்சள் என்று பொய் சொன்னேன்.

பதினாறாம் நாள் உன் பழைய முதலாளி வந்தார். உன் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, கூடத்தில் உட்கார்ந்தார். "அன்னைக்கு நான் எழுதுனது நாலே வரிம்மா" என்றார். "ரப்பர் பேண்டு எழுதுனேன். அந்தப் பெட்டிய இறக்குனது எழுதுனேன். கடைசி வரி என்ன தெரியுமா? இந்தப் பொண்ண உங்ககிட்ட அனுப்ப எனக்கு இஷ்டமில்ல, இது போனா என் கடைக்கு நஷ்டம், அதனாலதான் சிபாரிசு பண்றேன்னு எழுதுனேன்."

உனக்குத் தெரியாமல் போன அந்த வரியை உன்னிடம் சேர்க்கத்தான் இந்த மடல். கேட்டுக்கொள். இரவல் வார்த்தை ஒன்று இல்லாமல், ஆள் வைத்து எழுதாமல், உன் சீட்டை நீயே வாங்கினாய். இதை மாவு வாங்க வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்கிறேன். அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். சுருள்கம்பிப் புத்தகம் அரிசி டப்பாவுக்கு மேல் இருக்கிறது. சிவப்பு ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன். முதல் தாளில், கோட்டுக்கு மேலே, உன் எழுத்தில் 'அண்ணி' என்று இருக்கிறது.

இதை எழுதி முடித்து, உன் அண்ணனிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். அவர் வாசற்படியில், நீ உட்காருகிற இடத்திலேயே உட்கார்ந்தார். நான் மாவு கட்டினேன். என் கை ஓடிய இடத்தையெல்லாம் அடித்துவிடச் சொன்னேன். நிறையப் போய்விட்டது. மிச்சம் இவ்வளவுதான். இதில் எங்கெல்லாம் கை நின்றது என்று அவர் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார், கடைசிப் பக்கத்தில் அவரால் முடியவில்லை, பென்சிலை வைத்துவிட்டார்.

இன்றைக்குச் சிவப்பு.